ஓலையை விரித்துக் காட்டு! பழைய ஸ்விட்ச்சுக்கு உத்திரமேரூர் பாடம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூரைப் பள்ளிப் புத்தகத்தில் படிக்காதவர்கள் குறைவு. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு எடுத்த 'குடவோலை' முறையை அந்தக் கல்வெட்டுகள் விவரிக்கின்றன. எல்லோருக்கும் ஓட்டு இருந்த தேர்தல் அல்ல அது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்குள் நடந்தது. ஆனாலும் அதை நடத்திய விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் உள்ளே வேறு ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா! அவர் வாசித்த பெயரை, அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.

எழுதப்பட்ட ஓலையும் கைக்கு வந்த ஓலையும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். இன்று அதே வட்டாரத்தில் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் அறையிலோ, கூட்டுறவுச் சங்க அலுவலகத்திலோ, இ-சேவை மையத்திலோ சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பழைய பெட்டியிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சுவரில் இருக்கும் மதகு

அந்தப் பெட்டியின் பெயர் நெட்வொர்க் ஸ்விட்ச். லைட் ஸ்விட்ச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீளமான தட்டைப் பெட்டி. முன்பக்கம் வரிசையாக 8, 24 அல்லது 48 துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர். பச்சை விளக்குகள் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கும். அறையிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களையும் பிரின்டரையும் கண்காணிப்பு கேமராவையும் ஒன்றோடொன்று இணைப்பது அதுதான்.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏரித் தண்ணீரை எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் பாதி வீணாகும். எந்த வயலுக்கு இப்போது முறை என்று பார்த்து, அந்த வாய்க்காலுக்கு மட்டும் திறப்பார் நீர்க்கட்டி. ஸ்விட்ச்சும் அப்படித்தான். மூன்றாவது துளையிலிருந்து வரும் தகவல் பதினேழாவது துளைக்குப் போக வேண்டியது என்றால் அங்கே மட்டும் அனுப்பும். எந்தத் துளையில் எந்த மெஷின் இருக்கிறது என்று தானாகவே கற்றுக்கொண்டு, ஒரு பட்டியலும் வைத்திருக்கும்.

இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க அதற்குள் ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர் 'ஃபர்ம்வேர்'. 1967-ல் ஆஷர் ஓப்லர் என்பவர் ஒரு கட்டுரையில் உருவாக்கிய சொல் இது. ஹார்ட்வேரும் இல்லை, தினமும் மாற்றுகிற சாஃப்ட்வேரும் இல்லை, இரண்டுக்கும் நடுவே இறுக்கமாக உட்கார்ந்திருப்பது என்ற பொருளில் வைத்தார். அந்த ஃபர்ம்வேர் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தருவதுதான் 'இமேஜ்'. பெயர்தான் இமேஜ், போட்டோ கிடையாது. அச்சு அசலான முழு நகல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயரிலேயே ஜாதகம்

நம் ஊர் அலுவலகங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்விட்ச்களில் சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 2960 முக்கியமானது. அதன் இமேஜ் கோப்பு ஒன்றின் பெயர் இப்படி இருக்கும்: 'சி2960-லேன்பேஸ்கே9-எம்இசட்.150-2.எஸ்இ11.பின்'. பார்த்தால் மந்திரம்போல இருக்கும். பிரித்துப் படித்தால் அது ஒரு ஜாதகம்.

சி2960 என்பது மாடல். இந்த இமேஜ் அந்த மாடலுக்கு மட்டும்தான். லேன்பேஸ் என்பது அதிலுள்ள வசதிகளின் தொகுப்பு. கே9 என்றால் வலுவான மறையாக்கம் இருக்கிறது என்று பொருள். இது ரொம்ப முக்கியம். கே9 இல்லாத இமேஜில் 'எஸ்எஸ்ஹெச்' என்னும் பாதுகாப்பான நுழைவு கிடையாது. 'டெல்நெட்' மட்டும்தான். டெல்நெட்டில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு, தபால் கார்டில் எழுதிய கடிதம்போல எல்லோரும் படிக்கும்படி ஒயரில் போகும்.

எம் என்ற எழுத்து, இந்த இமேஜ் ரேம் நினைவகத்தில் ஏறி ஓடும் என்கிறது. இசட், சுருக்கிக் கட்டப்பட்டது என்கிறது. 150-2 என்பதை 15.0(2) என்று படிக்க வேண்டும், அது பதிப்பு எண். எஸ்இ என்பது எந்த வரிசையில் வந்தது என்பதைக் காட்டும். கடைசி 11, அதே பதிப்பில் பிழை திருத்தித் திருத்தி வெளியிட்டதில் பதினோராவது முறை. இந்த எண் கூடக் கூட, பழைய ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற நிறுவனங்களின் ஸ்விட்ச்களில் பெயர் வைக்கும் முறை வேறு. ஆனால் மாடல், பதிப்பு எண் இரண்டும் எங்காவது இருக்கும். டி-லிங்க், டிபி-லிங்க் போன்றவற்றில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் உள்ளே பாகங்கள் மாறிய வி1, வி2, வி3 என்ற வன்பொருள் பதிப்புகள் உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டிய லேபிளில் அது இருக்கும். வி1 பெட்டிக்கு வி2 இமேஜைக் கொடுத்தால் பெட்டி செத்துப்போகவும் வாய்ப்பு இருக்கிறது.

சும்மா கிடக்கிற சங்கு

"ஓடிக்கிட்டுதானே இருக்கு, எதுக்குத் தொடணும்?" என்பதுதான் எந்த அலுவலகத்திலும் முதலில் வரும் பதில். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பழைய ஃபர்ம்வேர் சும்மா கிடக்கும் சங்கு அல்ல என்பதை மூன்று சம்பவங்கள் காட்டியிருக்கின்றன.

முதலாவது, 2015 செப்டம்பர். சிஸ்கோ ரவுட்டர்கள் சிலவற்றில் இருந்த அசல் இமேஜையே யாரோ மாற்றி வைத்திருந்ததை மேண்டியன்ட் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கு 'சின்ஃபுல் நாக்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் அகப்பட்டவை நான்கு நாடுகளில் 14 ரவுட்டர்கள். உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோவுடன் நான்காவது நாடு, இந்தியா. மாற்றியவர்கள் அந்தக் கோப்பின் அளவு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே பயன்படாத பகுதியின் மேல் தங்கள் சரக்கை எழுதிவிட்டார்கள். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது போகாது. நுழைந்த வழியோ, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டு அல்லது திருடிய பாஸ்வேர்டு என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இரண்டாவது, 2018 ஏப்ரல் 6. ஈரானில் திடீரென்று இணையம் பல இடங்களில் நின்றது. பார்த்தால் ஸ்விட்ச்களின் அமைப்புகள் அழிக்கப்பட்டு, அங்கே அமெரிக்கக் கொடியின் படமும், எங்கள் தேர்தலில் கை வைக்காதே என்ற எச்சரிக்கையும் இருந்தன. ஈரானில் 3,500, உலகம் முழுக்க 2 லட்சம் ஸ்விட்ச்கள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு சொன்னது. வழி எது? சிஸ்கோவின் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற வசதி. புது ஸ்விட்ச்சை ஒயரில் செருகினாலே, அதற்கு வேண்டிய இமேஜும் அமைப்புகளும் தானாக வந்து சேர வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் கேட்கிறவர் யார் என்று அது விசாரிக்காது. கதவு எண் 4786. வெளியிலிருந்து யார் தட்டினாலும் திறக்கும். இதே வசதியில் இருந்த ஒரு கடுமையான ஓட்டைக்கான திருத்தத்தை அந்தச் சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்பு, மார்ச் 28 அன்றுதான் சிஸ்கோ வெளியிட்டிருந்தது.

மூன்றாவதுதான் ஆச்சரியம். 2025 ஆகஸ்ட். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ரஷ்ய உளவு அமைப்பைச் சேர்ந்த ஒரு குழு, ஆயிரக்கணக்கான நெட்வொர்க் கருவிகளின் அமைப்புக் கோப்புகளைச் சுருட்டியிருக்கிறது என்றது. பயன்படுத்திய ஓட்டை? 2018-ல் திருத்தம் வந்த அதே ஸ்மார்ட் இன்ஸ்டால் ஓட்டைதான்! மருந்து வந்து ஏழு வருடம் ஆகியும், மருந்து சாப்பிடாத பெட்டிகள் உலகம் முழுக்க இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை

சரி, மாற்றுவது என்று முடிவெடுத்தால் எப்படி மாற்றுவது? உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியை எண்ணிக்கொள்வோம். கம்ப்யூட்டர் டீச்சர் ஒருவர். அவரிடம் படித்து, இப்போது நெட்வொர்க் வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார். பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமை காலை. அறையில் ஒரு 2960.

லேப்டாப்பைத் திறந்ததும் டீச்சர் கேட்கும் முதல் கேள்வி நம் எல்லோருடையதும்தான்.

"தம்பி, நடுவுல கரன்ட் போயிட்டா?"

"அதான் டீச்சர் முதல் வேலையே யு.பி.எஸ். இந்தப் பெட்டியும் லேப்டாப்பும் ரெண்டும் அதுல இருக்கணும். வானம் இருட்டிக்கிட்டு வந்தா இன்னைக்கு வேண்டாம், அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்."

இரண்டாவது வேலை, இப்போது இருப்பதை எழுதி வைப்பது. ஸ்விட்ச்சின் பின்புறமோ முன்புறமோ 'கன்சோல்' என்று எழுதிய துளை இருக்கும். வெளிர்நீல நிறத் தட்டை ஒயர் ஒன்றை அதில் செருகி, யு.எஸ்.பி. மாற்றி வழியாக லேப்டாப்பில் இணைத்தால் ஸ்விட்ச்சோடு நேரடியாகப் பேசலாம். 'ஷோ வெர்ஷன்' என்று கேட்டால் மாடல், பதிப்பு, சீரியல் எண், எத்தனை நாளாக ஓடுகிறது என்பதெல்லாம் சொல்லும். 'ஷோ ஃப்ளாஷ்' என்று கேட்டால் உள்ளே எவ்வளவு இடம் காலி என்று சொல்லும்.

2960-ன் பழைய மாடல்களில் ஃப்ளாஷ் 32 எம்.பி., ரேம் 64 எம்.பி. இன்றைய செல்போனில் இரண்டு மூன்று வீடியோவுக்கே அந்த இடம் போதாது. இமேஜ் ஒன்று சுமார் 11, 12 எம்.பி. ஆகவே கணக்குப் போட்டால் பழைய இமேஜை அழிக்காமலே புதியதையும் பக்கத்தில் வைக்கலாம். இடம் இருந்தால் பழையதை அழிக்கவே கூடாது. புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே பழைய வீட்டை யாரும் காலி செய்வதில்லை.

மூன்றாவது, அமைப்புகளை நகல் எடுப்பது. 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்', 'விலேன்.டேட்' என்று இரண்டு கோப்புகள். எந்தத் துளை யாருக்கு, பாஸ்வேர்டு என்ன, எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் குழுவில் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. இமேஜ் மாறினால் இவை தானாக அழியாது. ஆனால் இடம் பண்ணுகிறேன் என்று தவறுதலாக இவற்றை அழித்தவர்கள் உண்டு. அதனால் முதலில் நகல்.

ஐந்து விரல் எங்கே?

நான்காவது வேலைதான் குடவோலை வேலை.

இமேஜை எங்கிருந்து எடுப்பது? தயாரித்த நிறுவனத்திடமிருந்து மட்டும். சிஸ்கோவில் பெரும்பாலான இமேஜ்களை இறக்க சேவை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் இல்லாதவர்களும், குறிப்பிட்ட பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் என்றால், அந்த அறிவிப்பையும் பெட்டியின் சீரியல் எண்ணையும் சொல்லி அவர்களின் உதவி மையத்தில் கேட்கலாம். டி-லிங்க், டிபி-லிங்க், நெட்கியர் போன்றவை தங்கள் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. இதெல்லாம் சுற்றுவழி என்று, பெயர் தெரியாத ஒரு தளத்தில் கிடைத்த கோப்பைப் போடுகிறவர்கள், மடங்கிய விரலோடு வந்த ஓலையை வாங்குகிறார்கள்.

இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு கோப்பு முழுவதையும் ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டு அரைத்தால், கடைசியில் ஒரு நீண்ட எண் கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். மனிதருக்குக் கைரேகைபோல, கோப்புக்கு இது. 'எம்டி5' என்பது 32 எழுத்துள்ள கைரேகை. 'எஸ்ஹெச்ஏ512' என்பது 128 எழுத்துள்ளது. நிறுவனத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் அசல் கைரேகை இருக்கும். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் 'செர்ட்யூட்டில்' என்ற கருவியிடம் கோப்பைக் கொடுத்தால் அதன் கைரேகையைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியதுதான்.

எதை நம்புவது? ரொனால்டு ரிவெஸ்ட் 1991-ல் வடிவமைத்த எம்டி5-ஐ, 2004-ல் சீன அறிஞர் வாங் சியாயூன் குழுவினர் உடைத்துக் காட்டினார்கள். ஒரே கைரேகை கொண்ட இரண்டு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று நிரூபித்தார்கள். ஆகவே அசலா போலியா என்று லேப்டாப்பில் பார்ப்பதற்கு எஸ்ஹெச்ஏ512. பழைய ஸ்விட்ச்களுக்கு அது தெரியாது, எம்டி5 மட்டுமே தெரியும். ஒயரில் போனபோது கோப்பு சிதைந்ததா என்று ஸ்விட்ச்சுக்குள் பார்ப்பதற்கு அது போதும்.

"ரெண்டு தடவை பாக்கணுமா தம்பி?"

"ஆமா டீச்சர். நம்ம கைக்கு வந்தது சரியான்னு ஒரு தடவை, பெட்டிக்குள்ள போனது சரியான்னு ஒரு தடவை. முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் பாத்துட்டு விட்டுடக் கூடாது. நீங்க வாசிங்க, நான் சரிபாக்கிறேன்."

ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்ப்பது. கோயிலில் நம்பிமார் செய்ததும் அதுதானே!

ஒயரில் ஏறும் நேரம்

லேப்டாப்பிலிருந்து ஸ்விட்ச்சுக்குக் கோப்பை அனுப்பப் பெரும்பாலும் 'டிஎஃப்டிபி' என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். 1981-லேயே எழுதி வெளியிட்ட, மிக எளிமையான முறை. 512 பைட் அனுப்பு, வந்தது என்று பதில் வரும் வரை காத்திரு, அடுத்த 512 பைட் அனுப்பு. அவ்வளவுதான். பாஸ்வேர்டு கிடையாது, மறையாக்கம் கிடையாது. ஆகவே லேப்டாப்பை நேராக ஸ்விட்ச்சில் செருகி இதைச் செய்வதும், வேலை முடிந்ததும் லேப்டாப்பிலுள்ள டிஎஃப்டிபி மென்பொருளை மூடிவிடுவதும் நல்லது. கோப்பு நகரவே மாட்டேன் என்றால் பெரும்பாலும் காரணம் ஸ்விட்ச்சில் இல்லை. லேப்டாப்பின் ஃபயர்வால் கதவைச் சாத்தியிருக்கும்.

திரையில் ஆச்சரியக்குறிகள் வரிசையாக ஓடும். முடிந்ததும் ஸ்விட்ச்சிலேயே 'வெரிஃபை' கட்டளையில் எம்டி5 கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு, அடுத்த முறை எழும்போது இந்தப் புது இமேஜில் எழு என்று 'பூட் சிஸ்டம்' கட்டளையில் சொல்ல வேண்டும். சொன்னதைச் சேமிக்க வேண்டும். 'ஷோ பூட்' என்று கேட்டு, கோப்பின் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதால் மதியச் சாப்பாட்டை மறந்தவர்கள் ஏராளம்.

கடைசியாக 'ரீலோட்'. விளக்குகள் எல்லாம் அணையும். அறையே அமைதியாகும். வழக்கமாகச் சில நிமிடங்களில் எழுந்துவிடும். ஆனால் சில மாடல்களில் புது இமேஜ் முதன்முறை எழும்போது உள்ளிருக்கும் சிறு சிப்களுக்கும் புது மென்பொருளை ஏற்றும். அதற்குப் பத்து நிமிடம், அதற்கு மேலும் ஆகலாம். செத்துப்போச்சோ என்று பதறி ஒயரைப் பிடுங்குகிறவர்கள்தான் உண்மையிலேயே அதைச் சாகடிக்கிறார்கள். கன்சோல் ஒயரைச் செருகியே வைத்திருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பது திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

எழவில்லை என்றால்?

அப்போதும் வழி இருக்கிறது. ஸ்விட்ச்சுக்குள் 'பூட் லோடர்' என்று தனியாக ஒரு சின்ன நிரல் உண்டு. இமேஜ் கெட்டாலும் அது பிழைத்திருக்கும். முன்பக்கமுள்ள 'மோட்' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரத்தைக் கொடுத்தால் அது எழுந்து 'ஸ்விட்ச்:' என்று நிற்கும். பழைய இமேஜ் ஃப்ளாஷில் இருந்தால், அதன் பெயரைச் சொல்லி எழுப்பினால் போதும். அரை நிமிட வேலை. பழையதை அழிக்காதே என்பது இதற்காகத்தான்.

பழையதும் இல்லை என்றால் கன்சோல் ஒயர் வழியாகவே இமேஜை ஏற்ற வேண்டும். அதற்கு 'எக்ஸ்மோடம்' என்ற முறை. வார்டு கிறிஸ்டென்சன் 1977-ல் எழுதியது. கன்சோல் ஒயரின் வழக்கமான வேகம் நொடிக்கு 9,600 பிட். அதாவது சுமார் 960 எழுத்து. 11 எம்.பி. கோப்பு ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகத்தை 1,15,200-க்கு மாற்றிக்கொண்டால் அதுவே பன்னிரண்டு மடங்கு வேகம், அரை மணி நேரத்துக்குள் முடியும். மாற்றலாம் என்பது தெரியாமல் ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருந்த டெக்னீஷியன்கள் ஊருக்கு ஊர் உண்டு.

அப்டேட் காட்டிக்கொடுத்த போலி

எல்லாம் சரியாகச் செய்தும் பெட்டி வேலை செய்யாமல் போகக் காரணம் ஒன்று இருக்கிறது. பெட்டியே போலியாக இருப்பது!

2019-ல் ஒரு நிறுவனத்தில் ஸ்விட்ச்களின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். சில பெட்டிகள் அதோடு நின்றுவிட்டன. பின்லாந்தைச் சேர்ந்த எஃப்-செக்யூர் நிறுவனத்திடம் ஆராயக் கொடுத்தார்கள். அவை கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் வரிசையைப் பார்த்துச் செய்த போலிகள் என்று தெரிந்தது. 2020 ஜூலையில் அறிக்கை வந்தது. பெட்டி எழும்போது அசல்தானா என்று நடக்கும் சோதனையை ஏமாற்ற, போலி செய்தவர்கள் உள்ளே தனி வேலைப்பாடு செய்திருந்தார்கள். புது மென்பொருள் வந்ததும் குட்டு உடைந்தது. வேவு பார்க்கும் கள்ளக்கதவு எதுவும் அவற்றில் இல்லை. காசுக்காகச் செய்த போலி என்றே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

ஒருமுறை பயன்படுத்திய ஸ்விட்ச்சை வாங்குவது தப்பில்லை. குறைந்த பட்ஜெட்டில் நடக்கும் பள்ளிகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் வாங்கும்போதே லேபிளில் உள்ள சீரியல் எண்ணும், 'ஷோ வெர்ஷன்' சொல்லும் சீரியல் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் இமேஜ் யார் போட்டதோ தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அமைப்புகளை முழுக்க அழித்து, அசல் இமேஜை நீங்களே ஏற்றுவதுதான் முறை. வாடகை வீட்டுக்குக் குடிபோனதும் பூட்டை மாற்றுவதில்லையா, அதுபோல.

மருந்தே இல்லாத பெட்டிக்கு

சில பெட்டிகளுக்கு நிறுவனம் ஆதரவையே நிறுத்தியிருக்கும். கடைசியாக வந்த இமேஜைப் போட்டாலும், அதற்குப் பிறகு தெரியவந்த ஓட்டைகள் அப்படியே இருக்கும். நாளைக்கே தூக்கி எறியுங்கள் என்று சொல்வது சுலபம், காசு கொடுப்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும். மாற்றும் வரை செய்யக்கூடியவை இவை.

ஸ்மார்ட் இன்ஸ்டால் வேண்டாம் என்று 'நோ விஸ்டாக்' கட்டளையில் நிறுத்தலாம். டெல்நெட்டை மூடி, எஸ்எஸ்ஹெச் மட்டும் திறக்கலாம். பிரவுசர் வழியாக ஸ்விட்ச்சுக்குள் நுழையும் வசதியை நிறுத்தலாம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஸ்விட்ச்சை நிர்வகிக்கும் முகவரி இணையத்திலிருந்து எட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்தால், ஓட்டை இருந்தாலும் ஓட்டைக்கு வந்து சேரும் பாதை அடைபடும்.

கேமரா பதிவுகளும் வாடிக்கையாளர் பணக் கணக்கும் ஓடும் இடத்தில் மட்டும் இந்தச் சமாளிப்பு போதாது. அங்கே பழைய பெட்டியை மாற்றியே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்கும்தான்

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுபோகும் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் செய்துவருகிறது. கேபிள் ஊருக்குள் வந்தால் அதன் முனையில் ஒரு பெட்டி வரும். அதிலிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் இன்னும் பல பெட்டிகள் வரும். பத்து வருடம் கழித்து அவையெல்லாம் பழைய பெட்டிகள்தான்.

உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மாதம் ஒருமுறை அதன் செயலியிலோ அமைப்புப் பக்கத்திலோ ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால் அவர்களைக் கேளுங்கள். ஓட்டைகளைப் பற்றிய எச்சரிக்கைகளை மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு இலவசமாகவே வெளியிடுகிறது.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். ஸ்விட்ச் எழுந்துவிட்டது. விளக்குகள் மறுபடி மினுக்குகின்றன. 'ஷோ வெர்ஷன்' புதுப் பதிப்பைக் காட்டுகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்து, பிரின்டரில் ஒரு தாளும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. தம்பி லேப்டாப்பை மூடப்போகிறார்.

"இரு தம்பி, இன்னும் ஒண்ணு பாக்கி" என்கிறார் டீச்சர். மேஜையிலிருந்து ஒரு நீளநோட்டை எடுக்கிறார். தேதி, ஸ்விட்ச்சின் மாடல், சீரியல் எண், பழைய இமேஜின் பெயர், புது இமேஜின் பெயர், அதன் கைரேகை, நகல் எடுத்த கோப்புகள் எங்கே இருக்கின்றன, யார் செய்தது என்று எல்லாவற்றையும் எழுதுகிறார். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் இதற்கும் விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. டீச்சர் இடமாறுதலில் போனாலும் நோட்டு பள்ளியிலேயே இருக்கும். அடுத்த டீச்சர் அதைத் திறந்தால், பெட்டிக்குள் எந்த ஓலை இருக்கிறது என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வார்.